இறங்காமல் செல்லும் உரிமை: தோட்டத் தமிழரும் மிதிவண்டியும் — பாயா ரும்புட்டிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

1941ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நிகழ்ந்த வேலை நிறுத்தங்களை மலேசிய இந்தியர் வரலாறு பயில்வோர் நன்கறிவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் துணையுடன் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளும் பலமுறை எடுத்தெழுதப்பட்டவையே. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கொடுமை இழைக்கும் தோட்ட அலுவலரை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்கள் மீதான அத்துமீறலுக்கு முடிவு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோதல், நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தல், சங்கம் அமைக்கும் உரிமை என அப்பட்டியல் விரிகிறது. அவற்றுக்கிடையே ஒரு கோரிக்கை இவ்வாறு அமைந்துள்ளது: வெள்ளையர் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும்.

வரலாற்று நூல்களில் இக்கோரிக்கை பெரும்பாலும் ஒற்றை வரியாகவே நின்றுவிடுகிறது. ஊதியத்தையும் தொழிற்சங்கத்தையும் தேசிய இயக்கத்தின் தாக்கத்தையும் விரிவாக ஆராயும் அறிஞர்கள், மிதிவண்டியைத் தொழிலாளரின் மனக்குறைக்கு ஒரு சிறு சான்றாகக் காட்டிவிட்டு அப்பால் செல்வதே வழக்கம். மாணவனாக இப்பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது நானும் அவ்வாறே கடந்து சென்றேன். ஐம்பது காசுக் கூலிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இடையே மிதிவண்டிக்கு என்ன வேலை என்று கூட எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் பிழை என்பதும், மிதிவண்டியைத் தொடர்ந்து சென்றால் தோட்ட வாழ்வின் அமைப்பையே காண முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். மலாக்கா மாநிலத்தில், குறிப்பாக நான் பிறந்து வளர்ந்த பாயா ரும்புட் சுற்றுவட்டாரத்தில் நின்று இதனை நோக்க முற்படுகிறேன்.

ரப்பரும் சக்கரமும்

மிதிவண்டியின் வரலாறும் மலாயா ரப்பரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. சம அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் இங்கிலாந்தில் உருவாக்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் இணைந்ததன் விளைவாக 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் தலைதூக்கிற்று. மோட்டார் வண்டியின் காலம் அதன் பின்னரே வந்தது. உலகின் ரப்பர்த் தேவையை முதலில் உயர்த்தியது மிதிவண்டிச் சக்கரமே என்பது நம் பாடநூல்களில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அத்தேவையே லியோபால்டு மன்னனின் காங்கோவில் கைகள் வெட்டப்பட்ட கொடுமைக்கும், நம் பக்கத்தில் காடுகள் தோட்டங்களானதற்கும் உந்துதலாயிற்று.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகளின் வழித்தோன்றல்கள் மலாயாவில் இருபதாண்டுகளாகத் தோட்டப் பயிராகாமல் இருந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்து, தோட்டக்காரர்களிடம் விதைகளைத் திணித்து வந்தார். அவர் சொல்லைக் கேட்டவர்களுள் முதன்மையானவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அதனை விரித்தார். ஆகவே, மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டத்தின் தொடக்க ஊர்களுள் மலாக்காவும் ஒன்று. புக்கிட் லிந்தாங் என்னும் பெயரை இன்று ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் மலாயாவில் மிதிவண்டி ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களுமே. துரை ஓட்டிய வண்டியின் டயருக்கான பாலை வெட்டியவர் தமிழர், வண்டி துரையுடையது. இந்த எளிய உண்மையை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

லயமும் தொலைவும்

தோட்டத்தில் வேலைக்குச் செல்வது என்பது ஒரு பயணமே அன்று. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களம் கூப்பிடு தொலைவு. பெரட்டுக் களத்திலிருந்து வெட்டு நிரை நடை தொலைவு. நிரையிலிருந்து பால் ஸ்டோரும் அவ்வாறே. பள்ளி, கோயில், கடை, கள்ளுக்கடை அனைத்தும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அச்சட்டம் நன்மையே செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் பிள்ளையும் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை என்னும் நிலையும் அதனால் உறுதிப்பட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தொலைவில்லாமல் செய்துவிட்டால் தொழிலாளிக்கு வண்டி எதற்கு?

இவ்விடத்தில்தான் மிதிவண்டியின் உண்மையான பொருள் புலப்படுகிறது. தோட்டத் தொழிலாளி வாங்கிய மிதிவண்டி, வேலைக்குப் போவதற்காக வாங்கப்பட்டதன்று. அது வெளியே போவதற்காக வாங்கப்பட்டது. அடுத்த தோட்டத்திலுள்ள தங்கை வீட்டுக்கு, பட்டணத்துக் கடைக்கு, தைப்பூசத்துக்கு, நாளிதழ் வாங்குவதற்கு, சங்கக் கூட்டத்துக்கு. தமிழ் நேசன் 1924இலும் தமிழ் முரசு 1935இலும் தொடங்கப்பட்டன. தோட்டத்திற்குள் ஓர் இதழ் வந்து, எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சூழ்ந்து கேட்ட காட்சியைப் பலரும் எழுதியுள்ளனர். அவ்விதழ் பட்டணத்திலிருந்து செம்மண் சாலையில் எவ்வாறு வந்தது என்பதை எழுதியோர் சிலரே.

கிள்ளான் கோரிக்கைப் பட்டியலை இந்நோக்கில் மீண்டும் படித்தால், தனித்தனியாகத் தோன்றிய இரண்டு கோரிக்கைகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணலாம். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வர வேண்டும் என்பது ஒன்று. தொழிலாளி மிதிவண்டியில் அமர்ந்தபடியே தோட்டச் சாலையில் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது உள்ளே வருதல் பற்றியது. பின்னது வெளியே செல்லுதல் பற்றியது. இரண்டும் ஒரே சாலையைப் பற்றியவை. அச்சாலை யாருக்கு உரியது என்பதே வழக்கு.

இறங்குதல் என்னும் வழக்கம்

துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி வண்டியிலிருந்து இறங்கி, ஓரமாக நின்று, அவர் கடந்த பின்னரே ஏற வேண்டும் என்னும் வழக்கம் சட்ட நூல் எதிலும் எழுதப்பட்டதன்று. எழுதப்படாத வழக்கங்களை ஆராய்வதில் வரலாற்று மாணவன் எதிர்கொள்ளும் இடர் பெரிது. ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். தடை இருந்தது என்றால் தடுக்கப்பட்ட செயலும் இருந்தது. வண்டி இல்லாதவனை எவரும் இறங்கச் சொல்வதில்லை. ஆகவே 1941இன் இக்கோரிக்கை, அக்காலத்திற்குள் கணிசமான தோட்டத் தொழிலாளர் மிதிவண்டி உடைமையாளராகியிருந்தனர் என்பதற்கு மறைமுகச் சான்றாகிறது.

அது எவ்வாறு இயன்றது என்பது அடுத்த வினா. ஐந்நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி என்னும் உலகமன்று அது. 1929ஆம் ஆண்டளவில் முதன்மை வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலையான ஊதியமாக இருந்தது. அடுத்த ஆண்டே, உலகப் பொருளாதாரச் சரிவின்போது, அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பலர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இத்தகைய வருவாயில் இங்கிலாந்து ராலே வண்டி எளிதில் கிட்டியிராது. 1930களில் சந்தையை நிரப்பியவை மலிவான சப்பானிய வண்டிகளும் உதிரிப் பாகங்களுமே. தொழிலாளி வண்டியேறியதற்கு வழிவகுத்த அந்த மலிவு, பின்னர் இந்நாட்டு வரலாற்றில் வேறொரு வேலையும் செய்தது. அதனைப் பிறகு காண்போம். 1938 சூனில் இந்திய அரசு தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்ததும் இங்குக் கருதத்தக்கது. ஆண்டுதோறும் புதியோரை இறக்கிப் பழையோரை அனுப்பும் முறை நின்றது. தங்கிவிட்டவர், தங்குவதற்கேற்ற பொருள்களை வாங்கத் தலைப்பட்டனர் என்பது என் கருத்து.

வண்டி துரையிடம் மட்டும் இருந்த காலத்தில் இறங்கும் வழக்கத்திற்குத் தேவையில்லை. கிராணியிடம் வந்தபோது ஓரளவு தேவைப்பட்டிருக்கலாம். தொழிலாளியிடம் வந்தபோதுதான் அது கட்டாயமாயிற்று. காரணம் வெளிப்படை. மிதிவண்டியில் அமர்ந்தவனின் தலை, நடந்து வருபவனின் தலைக்குச் சற்று மேலே இருக்கும். அவன் குனிவதில்லை, கைகூப்ப அவனுக்குக் கை ஒழிவதில்லை, நிற்பதுமில்லை. பணிவைக் காட்டும் உடல்மொழி அனைத்தையும் அவ்வண்டி ஒரே நேரத்தில் பறித்துவிடுகிறது. இறங்கச் சொன்னவர்கள் இதனை நன்கு உணர்ந்தே சொன்னார்கள்.

இவ்வழக்கம் வெள்ளையரின் கண்டுபிடிப்பு மட்டுமன்று என்பதையும் நாம் மறைத்தல் தகாது. தமிழகத்துச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து செல்லவும் குடைபிடிக்கவும் பிற்காலத்தில் மிதிவண்டியில் அமர்ந்து செல்லவும் தடை இருந்தது. தோட்டத்திற்கு வந்தவர்களுள் பெரும்பகுதியினர் அத்தெருக்களை அறிந்தவர்கள். கடல் கடந்த பின்னும் அதே தெருவைக் கண்டபோது அவர்களுக்கு அது புதிதாக இருந்திராது. இம்முறை அதனை மாற்ற முடியும் என்று தோன்றியதே புதிது. திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி வில்வண்டி பூட்டித் தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் ஏறிச் சென்ற நிகழ்வு இதனோடு ஒப்பிடத்தக்கது. அரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே வழக்கை ஓரிடத்தில் காளை வண்டியும் மற்றோரிடத்தில் மிதிவண்டியும் நடத்தியுள்ளன. தந்தை பெரியார் 1929 இறுதியில் மலாயாவிற்கு வருகை தந்து சொற்பொழிவாற்றியதும், அதன் பின் இங்கு வளர்ந்த சீர்திருத்தச் சங்கங்களும் சுயமரியாதை என்னும் சொல்லைத் தோட்டத்திற்குள் கொண்டு சேர்த்திருந்தன. அச்சொல்லுக்குத் தொழிலாளி தந்த பொருள்களுள் ஒன்று வண்டியிலிருந்து இறங்காமை.

கிராணி, தண்டல், ஆசிரியர் ஆகியோரின் நிலையும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. கோரிக்கையில் வெள்ளையரோடு ஆசிய அலுவலரும் சேர்த்தே சுட்டப்பட்டுள்ளனர். துரையின் முன் தாம் இறங்கியவர்கள், தம் முன் பிறரை இறங்கச் செய்தனர். தமிழாசிரியர் பரம்பரையில் வந்த நம்மில் சிலருக்கு இது இனிய செய்தியன்று.

வேலை நிறுத்தத்தின் முடிவு தெரிந்ததே. தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவரும் சங்கத்தின் முன்னணித் தலைவருமான ஆர்.எச். நாதன் 1941 மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார். வேலை நிறுத்தம் சிலாங்கூர் முழுதும் பரவி நெகிரி செம்பிலானையும் எட்டிற்று. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலி சில காசுகள் உயர்ந்தது. மிதிவண்டிக் கோரிக்கைக்கு எழுத்து வடிவில் விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

என் பாட்டனார் பாயா ரும்புட்டுக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1980களின் இறுதியில், நான் சிறுவனாக அவர் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது, ஒரு குறிப்பிட்ட வளைவில் அவர் இறங்கி வண்டியைத் தள்ளுவார். மேடு என்பதால் இறங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அவ்விடத்தைச் சென்று பார்த்தேன். அங்கே மேடில்லை. துரை பங்களாவிற்குப் பிரியும் பாதையின் முகப்பு அது. பங்களா எப்போதோ இடிக்கப்பட்டிருந்தது. ஒருவரின் பழக்கத்தை மட்டும் வைத்து ஒரு மாநிலத்தின் வரலாற்றை எழுத முடியாது என்பதை அறிவேன். எழுதப்படாத வழக்கத்திற்கு உடலைவிட வேறு ஆவணக் காப்பகம் இல்லை என்பதையும் அறிவேன்.

போரும் ஊரடங்கும்

1941 திசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய சப்பானியப் படை 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. இவ்விரைவுக்கு மிதிவண்டி ஒரு காரணம் என்பது பலரும் அறிந்ததே. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் தரப்பட்டிருந்ததாகப் படையெடுப்பைத் திட்டமிட்ட சுஜி மசநொபு எழுதியுள்ளார். ஊர்தோறும் சப்பானிய வண்டிகள் முன்பே விற்கப்பட்டிருந்ததால் உதிரிப் பாகங்களுக்குக் குறைவிருக்கவில்லை. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டினர். இரவில் அவ்வோசை பீரங்கி வண்டிகளின் ஓசைபோல் கேட்டது என்பர். சனவரி நடுவில் மலாக்காவைக் கடந்து மூவார் நோக்கிச் சென்றது அப்படை. ஊரார் வண்டிகள் பறிமுதலாயின. தொழிலாளியை முதன்முதலாக வண்டியேற்றிய அதே மலிவுச் சரக்குதான் அவனிடமிருந்து வண்டியைப் பறித்தவர்களுக்கும் உதவிற்று.

ஆக்கிரமிப்புக் காலத்தில் காற்றடைத்த டயர் கிடைக்காமல் மக்கள் திண்ணிய ரப்பரை வளைத்துச் சக்கரத்தில் பொருத்தினர். சுற்றிலும் ரப்பர் மரம், சக்கரத்திற்கு டயரில்லை. மரணத் தண்டவாளம் அமைக்கச் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களின் துயரத்தோடு ஒப்பிட இது சிறிது. எனினும் மூலப்பொருள் விளையும் நிலம் வேறு, அது பொருளாகும் நிலம் வேறு என்னும் குடியேற்றப் பொருளியலை விளக்க வகுப்பறையில் இதைவிட எளிய சான்று எனக்குக் கிட்டியதில்லை.

1948இல் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அடையாள அட்டை, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு ஆகியன வந்தன. காட்டிலிருந்தோர்க்கு உணவு செல்லாதிருக்க வாயிற்சோதனை நடைபெற்றது. மிதிவண்டியின் குழாய்ச் சட்டத்திலும் காற்றடிக்கும் பம்பிலும் அரிசி கடத்தப்படலாம் என்பதால் காவலர் வண்டிகளையும் துருவினர். முன்பு துரைக்காக இறங்கியவர் இப்போது சோதனைச் சாவடிக்காக இறங்கினார். ஒரு வேறுபாடு இருந்தது. சாவடியில் எல்லாரும் இறங்கினர்.

இந்நிலை முதன்முதலில் தளர்ந்தது மலாக்காவில்தான். 1953 செப்டம்பர் 3ஆம் நாள் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. என் பாட்டனார் ராலே வண்டி வாங்கியது இதன் பின்னர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாங்கிய சில மாதங்களில் அதற்கு டைனமோ விளக்குப் பொருத்தினாராம். இரவில் வெளியே செல்ல முடியாத நாட்டில் விளக்கு எதற்கு? ஊரடங்கு நீங்கிய பின்னரே அவ்விளக்குக்குப் பொருளுண்டாயிற்று. பின்னர்ப் பின்புறக் கேரியரை இரும்புக் கடையில் கொடுத்து, இருபுறமும் பால் வாளி தொங்கும்படி வலுப்படுத்தினார். அதுவரை காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கத் தோளில் சுமந்த பால், வண்டிக்கு மாறிற்று. கணவனிடம் வண்டி இருந்தால் வாளி வண்டியேறியது. பக்கத்து நிரையில் வெட்டிய மனைவியின் வாளி பெரும்பாலும் தோளிலேயே இருந்தது. இதனையும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அம்மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதனைக் கல்வியின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். நம் தோட்டங்களில் அத்தகைய இயக்கம் எதுவும் தோன்றவில்லை. பெண்கள் ஓட்டக் கற்றனர்; ஆனால் தனித்தனியாக, அண்ணனின் வண்டியில், குறுக்குச் சட்டத்திற்குக் கீழே கால் நுழைத்து.

துண்டாடலும் பயணமும்

1950களில் ஐரோப்பியர் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் இத்துண்டாடல் குறித்து 1960களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் பணத்திலேயே தோட்டம் வாங்க முனைந்ததும் இதன் விளைவே. பொருளாதார வரலாற்றில் இவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. என் பொருளுக்கு வேண்டியது ஒன்றே: துண்டாடலுக்குப் பின் லயம் போயிற்று, வேலை குத்தகையாளரிடம் சென்றது, வீடும் வேலையும் பிரிந்தன. தமிழ்த் தொழிலாளி வாழ்வில் முதன்முறையாக வேலைக்குச் செல்லுதல் என்பது அன்றாடப் பயணமாயிற்று. வெளியே செல்வதற்காக வாங்கிய வண்டி, இப்போது பிழைப்பதற்கு இன்றியமையாததாயிற்று. விடியற்காலை நான்கரை மணிக்கு டைனமோ வெளிச்சத்தில் மூன்று தோட்டம் தாண்டிச் சென்று மரம் வெட்டியவர்களின் தலைமுறை அது.

அடுத்து ஹோண்டா வந்தது. 1958இல் சப்பானில் வெளியான சூப்பர் கப் வகை விசையுந்து அடுத்த இருபதாண்டுகளில் தோட்டங்களையும் கம்பங்களையும் நிறைத்தது. மிதிவண்டி பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உரியதாகத் தாழ்ந்தது. இதனை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையைப் படிப்போரில் நாற்பது வயது கடந்தவர்கள் கண்ணால் கண்டது.

இன்றைய வண்டி

நெதர்லாந்தில் முனைவர் பட்டத்திற்காகப் பயின்ற ஆண்டுகளில் என் பேராசிரியர் மழையிலும் மிதிவண்டியிலேயே வருவார். ஆவணக் காப்பகத்தின் காவலரும் அதே சாலையில் அதே வகை வண்டியில் வருவார். ஒருவருக்காக ஒருவர் இறங்கியதில்லை. நாடு திரும்பியதும், பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் சென்றுவர ஒரு கலப்பு வகை மிதிவண்டி வாங்கினேன். கடைக்காரர்கள் 'ஹைப்ரிட்' என்பர். மலைப்பாதை வண்டியின் நேரான கைப்பிடியும் பந்தய வண்டியின் பெரிய சக்கரமும் சேர்ந்த இவ்வகை 1980களில் மேல்நாட்டுச் சந்தையில் பரவியது. நிமிர்ந்து அமரலாம், கழுத்து நோகாது, போக்குவரத்தைப் பார்க்கலாம்.

வண்டி வந்தபோது அதில் சேறு தடுக்கும் மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை, விளக்கு இல்லை, நிறுத்துவதற்குத் தாங்கி இல்லை, சங்கிலிக்கு உறையும் இல்லை. எடை குறைவாக இருப்பதே அதன் பெருமை. முதல் மழையில் முதுகெல்லாம் சேறாகி விரிவுரைக்கு நின்றபின் மட்கார்டு வாங்கினேன். புத்தகப் பையால் முதுகு வியர்த்ததும் கேரியர் பொருத்தினேன். மாலை வகுப்பு ஏழரை மணிக்கு முடிவதால் விளக்கு வேண்டியிருந்தது. மின்கலம் அடிக்கடி தீர்ந்ததால், முன்சக்கர அச்சிலேயே மின்னாக்கி உள்ள சக்கரம் ஒன்றைத் தருவித்தேன். 28 மில்லிமீட்டர் டயர் நம் சாலைக் குழிகளுக்குத் தாங்காமல் 35 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். இருக்கையையும் மாற்றினேன். இரண்டாண்டில் மேம்பாட்டுக்குச் செலவிட்டது வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது, என் முன்னே நின்றது பாட்டனாரின் ராலே. அவருடையதில் இவற்றுள் டைனமோ ஒன்று தவிர அனைத்தும் கடையிலேயே வந்தவை.

விடுமுறையில் அவ்வண்டியைக் காரில் ஏற்றிப் பாயா ரும்புட் கொண்டு செல்வதுண்டு. புல் நிறைந்த சதுப்பு என்று பொருள்படும் அவ்வூரின் பெயரை இன்று வெளியூரார் அறிவது பெரும்பாலும் ஒரு சாலையின் வழியாகத்தான். சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ ஆகிய மூன்றையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு அம்மூன்றின் முதலெழுத்துகளைக் கூட்டி எஸ்.பி.ஏ. எனப் பெயரிட்டுள்ளனர். சரக்கு லாரிகள் விரையும் அச்சாலையின் ஓரத்தில் மிதிவண்டிக்குத் தனிப் பாதையில்லை. சந்திப்புகளில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டியுள்ளது. பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் வேனிலும் பெற்றோர் வண்டியிலும் வருகின்றனர். மிதிவண்டியில் அனுப்பத் துணிவில்லை என்றார் ஒரு தாய். அவர் அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை.

பாட்டனாரின் ராலே இன்னும் வீட்டின் பின்கட்டில் உள்ளது. சென்ற ஆண்டு அதனைச் சீர்செய்ய முனைந்தேன். என் புதிய வண்டியின் டயர் அதற்குப் பொருந்தவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரமாகத் தோன்றினாலும், பழைய சக்கர வளையத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், புதியதின் விட்டம் 622. மலாக்காவில் மூன்று கடைகளில் கேட்டும் கிடைக்கவில்லை. நான்காவது கடையில், மேல் அடுக்கில் தூசி படிந்திருந்த ஒரு சோடியை முதியவர் எடுத்துத் தந்தார். இவ்வளவு பழைய அளவை இன்று செய்யும் நாடுகள் சில என்றும், தாம் எப்போதும் தருவிப்பது ஒன்றிலிருந்துதான் என்றும் சொல்லிக்கொண்டே உறையைத் திருப்பிக் காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்டது என அச்சிட்டிருந்தது.